பாய் போல் புடைத்த நெருப்பு: சிமிர்னா ஆயர் பொலிகார்ப்பின் சாவு, ஒரு நிகழ்வு ஆய்வு

பொலிகார்ப்பின் கதையைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள்: அவரை உயிரோடு எரிக்கப் பார்த்தார்கள், நெருப்பு அவரைத் தொடவில்லை. கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் மூல ஆவணத்தில் அடுத்த வரி இருக்கிறது. நெருப்பு தொடாத அந்த முதியவரை ஒருவன் குத்துவாளால் குத்தினான். அவர் இறந்துபோனார்.

இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. நெருப்பே ஒருவருக்காகத் தன் இயல்பை விட்டு வளைந்துகொடுத்தது என்றால், அது ஏன் அவரைக் காப்பாற்றவில்லை? நெருப்பை விலக்கியவருக்கு இரும்பை விலக்கத் தெரியாதா? ஆதித் திருச்சபையின் மறைசாட்சிக் கதைகளில், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின் கதைகளில், இயற்கை என்ன வேலை செய்கிறது என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதுமான தடயம் தருகிறது என்று நினைக்கிறேன். அதனால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆவணம்

சிமிர்னா என்பது இன்றைய துருக்கியின் இஸ்மிர். திருவெளிப்பாட்டில் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதங்களில் இரண்டாவது இந்த ஊருக்குத்தான். சாகும்வரை உண்மையாக இரு என்று அதில் வருகிறது. அந்தச் சபையின் ஆயராகப் பல ஆண்டுகள் இருந்தவர் பொலிகார்ப்பு. ரோமுக்குக் கைதியாகப் போகும் வழியில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது அவர் பேசக் கேட்டவர், பின்னாளில் திருச்சபை எழுத்தாளரான இரேனியு.

அவருடைய சாவைப் பற்றிச் சிமிர்னா சபை, ஃபிரிஜியா பகுதியில் இருந்த ஃபிலொமேலியம் என்ற ஊரின் சபைக்குக் கிரேக்கத்தில் ஒரு கடிதம் எழுதியது. பார்த்தவர்கள் சார்பில் எழுதப்பட்ட கடிதம் அது. புதிய ஏற்பாட்டுக்கு வெளியே நமக்குக் கிடைத்திருக்கும் மறைசாட்சி வரலாறுகளில் மிகப் பழமையானதாகப் பெரும்பாலோர் இதைத்தான் கருதுகிறார்கள். நாள் பிப்ரவரி 23. ஆண்டு 155 அல்லது 156 என்பது பரவலான கருத்து. நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் இதைப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில், அதாவது சில ஆண்டுகள் தள்ளி, வைக்கிறார். கத்தோலிக்கரின் அன்றாடச் செபநூலான திருப்புகழ்மாலையில் பிப்ரவரி 23 அன்று வாசகமாக வருவது இந்தக் கடிதத்தின் பகுதிதான்.

நடந்தது

பொலிகார்ப்பு தானாகப் போய்ச் சிக்கிக்கொள்ளவில்லை. இதைக் கடிதம் அழுத்திச் சொல்கிறது. அவருக்கு முன்னால் குயிந்துஸ் என்ற ஃபிரிஜியாக்காரர் தானே முன்வந்து, மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனார். அரங்கின் காட்டு விலங்குகளைப் பார்த்ததும் மிரண்டுபோய், பேரரசர் பெயரால் ஆணையிட்டுப் பலியும் செலுத்திவிட்டார். பொலிகார்ப்போ ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனார், அப்புறம் இன்னொரு பண்ணைக்கு மாறினார். பிடிபடுவதற்கு மூன்று நாள் முன்பு செபத்தில் இருந்தபோது, தன் தலையணை தீப்பிடித்து எரிவதாக ஒரு காட்சி கண்டார். கூட இருந்தவர்களிடம், "நான் உயிரோடு எரிக்கப்பட வேண்டும்" என்று சொன்னார்.

வெள்ளிக்கிழமை, இரவு உணவு நேரத்தில், கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போவது மாதிரி ஆயுதங்களோடு குதிரைவீரர்கள் கிளம்பினார்கள். மாடியறையில் இருந்தவர் தப்பித்துப் போயிருக்கலாம். போகவில்லை. கீழே இறங்கி வந்து, பிடிக்க வந்தவர்கள் வேண்டுமட்டும் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்கச் சொன்னார். தனக்குச் செபம் செய்ய ஒரு மணி நேரம் கேட்டார். அது இரண்டு மணி நேரமானது. இந்தத் தாத்தாவைப் பிடிக்கவா வந்தோம் என்று வந்தவர்களில் பலர் வருந்தினார்கள்.

காவல் அதிகாரியின் பெயர் ஏரோது. அவர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு நயமாகப் பேசிப் பார்த்தார்: "சீசரே ஆண்டவர்" என்று ஒரு வார்த்தை சொல்லி, கொஞ்சம் தூபம் போட்டால் என்ன கெட்டுவிடும்? அவர் மசியவில்லை என்றதும் வண்டியிலிருந்து இறக்கிவிட்ட வேகத்தில் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. அவர் ஒன்றுமே நடக்காதது போல வேகமாக நடந்தார். இவ்வளவு சின்னச் சிராய்ப்பைக் கூட நினைவில் வைத்து எழுதும் கடிதம் இது. பின்னால் நெருப்பைப் பற்றிப் படிக்கும்போது அதை மறக்கக் கூடாது.

அரங்குக்குள் நுழையும்போது "திடமாயிரு, பொலிகார்ப்பு, ஆண்மையோடு நில்" என்று வானத்திலிருந்து ஒரு குரல். பேசியவரை யாரும் பார்க்கவில்லை. அங்கே இருந்த நம்மவர்கள் குரலைக் கேட்டார்கள் என்று கடிதம் சொல்கிறது. ஊரே கேட்டது என்று எழுதவில்லை.

ஆளுநர் ஸ்தாத்தியுஸ் குவாத்ராத்துஸ் கிறிஸ்துவைப் பழித்துப் பேசச் சொன்னார். அதற்கு வந்த பதில் உலகமே அறிந்தது: எண்பத்தாறு ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என்னை மீட்ட அரசரை நான் எப்படிப் பழிப்பேன்? விலங்குகளுக்குப் போடுவேன் என்றார் ஆளுநர். போடுங்கள் என்றார். எரித்துவிடுவேன் என்றார். அப்போது பொலிகார்ப்பு சொன்னது இந்த ஆய்வுக்கு முக்கியம்: நீங்கள் காட்டும் நெருப்பு ஒரு மணி நேரம் எரிந்து சீக்கிரமே அணைந்துபோகும் நெருப்பு.

கூட்டம் சிங்கத்தைத்தான் கேட்டது. விழாவை நடத்திய ஃபிலிப்பு, விலங்கு வேட்டை நிகழ்ச்சிகள் முடிந்துவிட்டன, இனி அவிழ்த்துவிட விதி இல்லை என்று மறுத்தார். அப்படித்தான் நெருப்பு வந்தது. தலையணைக் காட்சி நிறைவேறியது ஒரு நிகழ்ச்சி நிரலால்!

பட்டறைகளிலிருந்தும் குளியல் மண்டபங்களிலிருந்தும் விறகும் சுள்ளியும் சேர்த்தார்கள். யூதர்கள் இதில் முன்னால் நின்றார்கள் என்று கடிதம் குற்றம் சாட்டுகிறது. இந்த வரியை அப்படியே ஏற்பது சரியல்ல. அதே கடிதம் அன்று பெரிய ஓய்வுநாள், அதாவது யூதர்கள் வேலை செய்யாத நாள், என்கிறது. ஓய்வுநாளில் விறகு சுமக்கும் யூதர்கள் என்பது இயேசுவின் பாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட காட்சியாகவே தெரிகிறது. இப்படிப்பட்ட வரிகளால் பிற்பாடு யூதர்களுக்கு வந்த துன்பம் கொஞ்சநஞ்சம் அல்ல.

விறகு தயாரானதும் அவர் மேலாடைகளைக் களைந்தார், இடைக்கச்சையை அவிழ்த்தார், குனிந்து செருப்பைக் கழற்றப் பார்த்தார். பழக்கமில்லை. அவரைத் தொடுவதற்காகவே விசுவாசிகள் முந்திக்கொண்டு ஓடிவந்து அதைக் கழற்றிவிடுவது வழக்கம். அன்று யாரும் இல்லை. ஆணி அடிக்க வந்தவர்களிடம், நெருப்பைத் தாங்கும் வலிமை தருபவர் அசையாமல் நிற்கவும் வைப்பார் என்று சொன்னார். கையைப் பின்னால் கட்டினார்கள். மந்தையிலிருந்து பலிக்கெனத் தெரிந்தெடுத்த ஆட்டுக்கிடாய் போல நின்றார் என்கிறது கடிதம்.

நெருப்பு

கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரம். செபம் முடிந்து "ஆமென்" என்றதும் தீ மூட்டினார்கள். பெரும் சுவாலை எழுந்தது. "பார்க்கும் வரம் பெற்ற நாங்கள் ஒரு வியப்பைக் கண்டோம்" என்று தொடங்குகிறார்கள். நெருப்பு ஒரு வளைவு மாடம் போல உருவெடுத்தது. காற்று நிறைந்த கப்பல் பாய் போலப் புடைத்து அவர் உடலைச் சுற்றிச் சுவர் போல நின்றது. நடுவில் அவர் எரியும் சதை போல இல்லை, சுடப்படும் அப்பம் போல, உலையில் புடம்போடும் பொன்னும் வெள்ளியும் போல இருந்தார். தூபமோ விலையுயர்ந்த வேறு வாசனைப் பொருளோ போல நறுமணம் வீசியது.

எத்தனை "போல" என்று பாருங்கள். கிரேக்கத்திலும் அப்படித்தான். இந்தப் பத்தி முழுக்க ஒப்புமையால் கட்டப்பட்டிருக்கிறது. சிராய்த்த காலையும் கழற்ற முடியாத செருப்பையும் உவமை எதுவும் இல்லாமல் நேராகச் சொன்ன அதே கை, நெருப்புக்கு வந்ததும் உவமையைப் பிடித்துக்கொள்கிறது. தாங்கள் கண்டதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கைக்கெட்டிய பொருள்களைத் தேடுகிறார்கள். துறைமுக ஊர்க்காரர்களுக்குக் கப்பல் பாய் தெரியும். அப்பம் சுடும் அடுப்பு எல்லா வீதியிலும் இருந்திருக்கும்.

கடற்கரை ஊரின் திறந்தவெளி அரங்கில் சுள்ளி குபீரென்று எரியும். காற்று அடித்தால் சுவாலை ஒரு பக்கமாகச் சாயும், வளையும். பிசின் உள்ள விறகு மணக்கும். இதையெல்லாம் சேர்த்து "இவ்வளவுதான் அதிசயம்" என்று முடித்துவிடுவது எளிது. அதில் எனக்குச் சண்டை இல்லை. எழுதியவர்களே காற்று என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் எழுதிய சொல் "ப்நெவ்மா". அது காற்றையும் குறிக்கும், ஆவியையும் குறிக்கும். தமிழில் ஆவி என்றால் நீராவியும் வரும், உயிரும் வரும், தூய ஆவியும் வரும்; அந்த மாதிரியான ஒரு சொல். பாயை நிறைத்தது வெறும் காற்று என்று வாசித்தாலும் இலக்கணப் பிழை இல்லை, தூய ஆவி என்று வாசித்தாலும் பிழை இல்லை. சற்று முன்புதான் பொலிகார்ப்பு தன் செபத்தில் தூய ஆவியைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். இயற்கையும் இறைவனும் இரண்டு வேறு கட்சிகளாக நிற்பதாக இந்த எழுத்தாளர்கள் நினைக்கவே இல்லை.

உவமைகள் எங்கிருந்து வருகின்றன என்றும் பார்க்க வேண்டும். கிரேக்கத் தானியேல் நூலில் மூன்று இளைஞர்கள் சூளையில் நிற்கும்போது, வானதூதர் இறங்கி நடுப்பகுதியைப் பனிக்காற்று வீசுவது போல ஆக்குகிறார். சாலமோனின் ஞானம் நூல், நீதிமான்களை உலையில் பொன்னைப் போலச் சோதித்து, எரிபலி போலக் கடவுள் ஏற்றுக்கொண்டார் என்கிறது. அதே நூலில் இன்னொரு இடத்தில், நீதிமான்களுக்காகப் படைப்பு முழுவதும் போரிடுகிறது. அவர்களுக்கு உணவு கிடைக்க வேண்டும் என்பதற்காக நெருப்பு தன் ஆற்றலையே மறந்துவிடுகிறது. சிமிர்னாக்காரர்கள் இந்த நூல்களோடு வளர்ந்தவர்கள். தங்கள் ஆயர் எரிவதைப் பார்க்கும் கண்களில் அந்த வரிகள் ஏற்கெனவே இருந்தன.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். தானியேலில் மூவரும் சூளையிலிருந்து நடந்து வெளியே வருகிறார்கள். தலைமுடி கூடக் கருகவில்லை. பொலிகார்ப்பு வெளியே வரவில்லை. இங்கே நெருப்பு செய்த வேலை வேறு. ஆளுநர் அதைத் தண்டனையாக மூட்டினார். அது ஒரு அடுப்பாக, ஒரு தூபக்கலசமாக, ஒரு பலிபீடமாக மாறிவிட்டது. சீசருக்குக் கொஞ்சம் தூபம் போடு என்றுதான் வண்டியில் வைத்துக் கெஞ்சினார்கள். தூபம் கடைசியில் எழும்பியது, அவர் உடலிலிருந்தே. அப்பம் என்றால் நற்கருணை வழிபாட்டில் கிறிஸ்துவின் உடல் என்பது வாசித்த சபைக்குச் சொல்லாமலே தெரியும். அரசின் நெருப்பை வழிபாட்டின் நெருப்பாக மாற்றிக் காட்டுவதே இந்த அதிசயத்தின் வேலை என்பது என் வாசிப்பு. காப்பாற்றுவது அதன் நோக்கமே இல்லை.

புறா

உடல் எரியவில்லை என்று கண்டதும் ஒருவனை அருகில் போய்க் குத்தச் சொன்னார்கள். அவனுக்குக் கடிதம் தரும் பெயர் லத்தீன் தொழிற்சொல்: "கொன்ஃபெக்தோர்". அரங்கில் குற்றுயிராகக் கிடக்கும் விலங்குகளை முடித்துவைப்பவன். சிங்கம் இல்லை என்று சொன்னாலும் கடைசியில் விலங்கைக் கொல்பவன் கையால்தான் போனார்.

குத்தியதும் என்ன வெளியே வந்தது? கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சொல்வது: "ஒரு புறாவும் மிகுந்த இரத்தமும்". அந்த இரத்தத்தில் நெருப்பு அணைந்துவிட்டது. ஆனால் இதே பகுதியை எடுத்துக்காட்டும் யூசேபியஸிடம் புறா இல்லை, இரத்தம் மட்டும்தான்.

அறிஞர்கள் இதை நிறையக் கிளறியிருக்கிறார்கள். "பெரிஸ்தெரா காய்" என்றால் "புறாவும்". இதுவே "பெரி ஸ்துராக்கா" என்று இருந்திருக்கலாம், அதாவது "வாளின் பிடியைச் சுற்றி" இரத்தம் வந்தது, படியெடுத்தவர் பிழையாக எழுதிவிட்டார் என்று ஒரு திருத்தம் உண்டு. எழுத்துகள் நெருங்கி வருகின்றன, உண்மைதான். (அந்த "ஸ்துராக்ஸ்" என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் வாசனைப் பிசின், நாம் புகைக்கும் சாம்பிராணியைத் தரும் மரத்தின் தாவரவியல் பெயர் இதிலிருந்துதான் வந்தது.) ஆனால் எனக்கு இந்தத் திருத்தம் தேவைப்படவில்லை. யாரோ ஒருவர் புறாவைச் சேர்த்தார் என்றே நினைக்கிறேன். முதல் காரணம் யூசேபியஸின் மௌனம். இரண்டாவது காரணம் நடை. முந்தைய அதிகாரம் முழுக்க "போல, போல" என்று தயங்கித் தயங்கி வந்த எழுத்து, இங்கே "புறா போல" என்று சொல்லவில்லை. புறா என்கிறது. அது வேறொரு கையின் துணிச்சல்.

அந்தக் கைக்கு ஒரு பின்னணியும் உண்டு. ரோமப் பேரரசர்களின் சிதையிலிருந்து கழுகு பறக்கவிடுவது சடங்கு. அகுஸ்துசின் இறுதிச்சடங்கைப் பற்றி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 165இல் ஒலிம்பியாவில் பெரெக்ரினஸ் என்ற தத்துவவாதி எல்லார் முன்னிலையிலும் தானே தீயில் குதித்தார். அங்கே இருந்த லூசியன் என்ற எழுத்தாளர், விவரம் கேட்டு நச்சரித்தவர்களிடம், நில நடுக்கம் வந்தது, தீயின் நடுவிலிருந்து ஒரு வல்லூறு எழும்பிப் பேசிக்கொண்டே வானத்துக்குப் போனது என்று கற்பனையாகச் சொல்லிவைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு நரைத்த பெரியவர், அந்த வல்லூறைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பொலிகார்ப்பு இறந்து பத்தே ஆண்டுகளில், ஏஜியன் கடலுக்கு அப்பால் கிரேக்கத்தில் நடந்தது இது. அக்காலத்து மனிதர்களுக்குத் தீயிலிருந்து ஒரு பறவை எழும்பியே ஆக வேண்டும். பேரரசருக்குக் கழுகு என்றால் ஆயருக்குப் புறா.

இரத்தத்தைப் பற்றியும் ஒன்று. வளர்ந்த மனித உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கும். அது ஒரு சிதையை அணைக்காது. ஆனால் பொலிகார்ப்பு ஆளுநரிடம் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: சீக்கிரமே அணைந்துபோகும் நெருப்பு. அது அவருடைய இரத்தத்தாலேயே அணைந்தது என்று எழுதும்போது அவர் சொன்ன வாக்கு நிறைவேறுகிறது.

பக்கத்தில் வைத்துப் பார்க்க

சிமிர்னா இருந்த அதே ரோம ஆசியா மாநிலத்தில், அதே நூற்றாண்டில் உருவான கதை, பவுலின் சீடராகச் சொல்லப்படும் தெக்லா என்ற பெண்ணுடையது. இக்கோனியத்தில் அவரைத் தீயில் ஏற்றுகிறார்கள். மேகம் மழையும் ஆலங்கட்டியும் கொட்டித் தீயை அணைக்கிறது. அந்தியோக்கியாவில் ஒரு பெண் சிங்கம் அவர் காலடியில் படுத்து, அவருக்காக ஒரு கரடியைக் கிழித்துப்போட்டு, பிறகு ஒரு ஆண் சிங்கத்தோடு சண்டை போட்டுச் சாகிறது. இங்கே இயற்கை உண்மையிலேயே மீட்புப்படை. தெக்லா ஒவ்வொரு முறையும் பிழைக்கிறார். இந்தக் கதையை எழுதிய ஆசியாக் குரு ஒருவர், பவுல் மேலிருந்த அன்பால் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு பதவியை இழந்தார் என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துலியன் பதிவு செய்கிறார். அந்தக் குருவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் எழுதும்போது இயற்கை எவ்வளவு அடக்கமாக இருக்கிறது, அன்பால் கட்டி எழுதும்போது எவ்வளவு பெரிதாகிறது என்பது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது.

இஞ்ஞாசியாரோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். சிலரைத் தொடாமல் விலங்குகள் பயந்து ஒதுங்கியிருக்கின்றன, எனக்கு அப்படி நடந்துவிடக் கூடாது என்று ரோமையருக்கு எழுதுகிறார். விலங்குகள் வரவில்லை என்றால் நானே வற்புறுத்துவேன் என்கிறார். காப்பாற்றும் அதிசயமே வேண்டாம் என்கிற மனம் அது.

இன்னொரு வகை பாலஸ்தீனத்தின் செசரியாவில், 309 வாக்கில். ஆளுநர் ஃபிர்மிலியன் கொல்லப்பட்டவர்களைப் புதைக்கவிடாமல் வெட்டவெளியில் போட்டுக் காவல் வைத்தார். நாயும் பறவையும் இழுத்த உடல் துண்டுகள் ஊருக்குள்ளேயே கிடந்தன. வானம் தெளிவாக இருந்த ஒரு நாளில், நகரத்துத் தூண்கள் கண்ணீர் போலத் துளித்துளியாய் வடித்தன, மழையே இல்லாமல் தெரு நனைந்தது என்று அந்த ஊர்க்காரரான யூசேபியஸ் எழுதுகிறார். கடற்கரை ஊரில் ஈரக்காற்று குளிர்ந்த கல்லில் பட்டால் கல் வேர்க்கும்; அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பின்னால் வருகிறவர்களுக்கு இது கட்டுக்கதையாகப் படலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தத் தெருவில் நடந்தவர்களுக்கு அப்படிப் படவில்லை. அழுவதற்கும் அடக்கம் செய்வதற்கும் மனிதர்களுக்கு அனுமதி இல்லாத ஊரில் கல்லாவது அழுதது.

இரண்டாவது நெருப்பு

சிமிர்னாவில் கதை குத்துவாளோடு முடியவில்லை. உடலைக் கிறிஸ்தவர்களிடம் கொடுத்தால் சிலுவையில் அறையப்பட்டவரை விட்டுவிட்டு இவரை வணங்கத் தொடங்கிவிடுவார்கள் என்று ஏரோதின் அப்பா நிக்கேத்தஸ் மூலம் ஆளுநரிடம் சொல்லவைத்தார்கள். வாக்குவாதத்தைப் பார்த்த நூற்றுவர் தலைவர் உடலை நடுவில் வைத்து, அவர்கள் வழக்கப்படி எரித்துவிட்டார். இந்த முறை வளைவும் இல்லை, பாயும் இல்லை, மணமும் இல்லை. சில வரிகளுக்கு முன்னால் நெருப்பு தொடாத அதே உடல் சாதாரணமாக எரிந்தது. எழுதியவர்கள் அதற்கு விளக்கம் சொல்லவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

அப்புறம் சிமிர்னாக் கிறிஸ்தவர்கள் போய் எலும்புகளைப் பொறுக்கினார்கள். விலையுயர்ந்த கற்களை விடவும் மதிப்பு மிக்கவை, பொன்னை விடவும் மேலானவை என்று எழுதி, தகுந்த இடத்தில் வைத்தார்கள். ஆண்டுதோறும் அங்கே கூடி, அவர் இறந்த நாளை அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாட முடிவு செய்தார்கள்.